வெட்டும்போது வந்த வெளிச்சம்

ஜூன் 9, திங்கள்

என் மகன் மோகனசுந்தரம் சிகரெட் பிடித்ததால்தான் பட்டறையில் தீப்பிடித்தது, அதனால்தான் ஆறுச்சாமி இறந்தான் என்று விசாரணை அறிக்கையில் எழுதிவிட்டார்கள். இது அநியாயம். எழுதியவர்களில் ஒருவரும் அப்போது அங்கே இல்லை. இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் மயானத்துக்குப் போய்விட்டான். இன்னொருவன் இரண்டு கைகளிலும் கட்டுப் போட்டுக்கொண்டு என் வீட்டு உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். அவனை ஆஸ்பத்திரியில், வலிக்கு ஊசி போட்டிருந்த நேரத்தில் வந்து கேட்டிருக்கிறார்கள். விரலில் கட்டு இருந்ததால் கைநாட்டு வைக்க முடியவில்லை. தலையாட்டினான் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

நடந்தது இதுதான். கணபதி ஏரியாவில் தண்டபாணியின் பட்டறை. எலும்பு முறிந்தவர்களுக்கு உள்ளே வைக்கிற டைட்டானியம் பிளேட்டுகளுக்கு அங்கே தகடு வெட்டித் தருகிறார்கள். ஆறுச்சாமி பெடலை மிதிப்பான், கத்தி இறங்கும், துண்டு கீழே விழும். மோகன் எடுத்து அடுக்குவான். அன்று மழை இருட்டு. மெஷினுக்கு மேலே இருந்த டியூப்லைட்டும் எரியவில்லை. கத்தி இறங்கியபோது வெட்டிய இடத்தில் வெளிச்சம் வந்தது. உடனே தீ. இதை மோகன் அவன் அம்மாவிடம் காய்ச்சலில் திரும்பத் திரும்பச் சொன்னான். "வெட்டுனா வெளிச்சம் வருதும்மா, வெளிச்சம் வருதும்மா" என்று.

நான் இதை அறிக்கை எழுதிய தொழிற்சாலை ஆய்வாளரிடம் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு, "பெரியவரே, இரும்பு கல்லுல உரசுனாப் பொறி வரும். கத்தியில வெட்டுனா எங்கீங்க வெளிச்சம் வரும்? மின்மினிப்பூச்சியா அது?" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அறிக்கை மறு விசாரணைக்கு வரும்போது இப்படியே நின்றுவிட்டால், ஆறுச்சாமியின் சாவுக்கு மோகன் மேல் வழக்குப் போடுவார்கள். அதனால் இன்று முதல் எழுதுகிறேன்.

ஜூன் 11, புதன்

காலையில் தொட்டி கழுவினேன். மோகனுக்குக் கட்டு மாற்ற ஆஸ்பத்திரி. திரும்பும் வழியில் நூலகம். உலோகவியல் புத்தகம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. அகராதி வைத்துப் படிக்கலாம். தியேட்டரில் புரொஜெக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டதும் அப்படித்தான். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஜூன் 14, சனி

புத்தகத்தில் இருக்கிறது. சில பொருள்களை நசுக்கினால், உடைத்தால், பிளந்தால் ஒளி வரும். கற்கண்டுகூட அப்படித்தான். உலோகத்திலும் சிலவற்றை மிக வேகமாக இழுத்து அறுத்தால், ஒரே அடியில் உடைத்தால், கண நேரம் ஒளி தெரியும். காரணம் பலவாறு சொல்கிறார்கள். உடைகிற இடம் நொடிக்குள் சூடாகிறது என்கிறார் ஒருவர். உடைந்ததும் வெளியே வரும் புது முகத்தைக் காற்று தொட்ட உடனே எரிகிறது என்கிறார் இன்னொருவர். எனக்குக் காரணம் அப்புறம். ஒளி உண்டு என்று அச்சில் இருக்கிறது.

பகலிலேயே சாமி ரூமை மூடி, ஜன்னலுக்குக் கறுப்புப் போர்வை தொங்கவிட்டேன். இருட்டில் கண் பழகுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். இது தெரியாதவர்கள் உடனே பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்பார்கள். தியேட்டர் ஆபரேட்டர் ரூமில் இருந்தவனுக்கு இது தெரியும். பிறகு கற்கண்டைக் குறட்டில் வைத்து நசுக்கினேன். நீல நிறத்தில் மின்னியது. என் மனைவி தெய்வாத்தாளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஏனுங்க, பழனிக்குப் போனப்போ வாங்கின கல்கண்டுங்க அது" என்றாள்.

"வெளிச்சம் பாத்தியா இல்லையா?"

"பாத்தேன். எறும்பு வந்தா நீங்கதான் கூட்டணும்."

மோகனையும் கூப்பிட்டேன். வரவில்லை.

ஜூன் 18, புதன்

தண்டபாணியைப் பார்க்கப் போனேன். பட்டறையை மறுபடி திறந்துவிட்டான். சுவருக்கு வெள்ளையடித்திருக்கிறான். அதே மெஷின். பெடலில் புதிதாக ஒரிசாப் பையன் ஒருவன் நிற்கிறான், தமிழ் அவ்வளவாக வராது. கத்தி இறங்க இறங்கத் துண்டுகள் கீழே தின்னர் ஊற்றிய ட்ரேயில் விழுந்துகொண்டிருந்தன. எண்ணெய்ப் பிசுக்கு அதிலேயே கழன்றுவிடும், தனியாகக் கொண்டுபோய்க் கழுவ வேண்டியதில்லை. இந்தச் சந்தில் எல்லாப் பட்டறையிலும் இப்படித்தான். ட்ரே விளிம்புவரை இருந்தது. நான் கத்தியையே பார்த்துக்கொண்டு நின்றேன். புது டியூப்லைட் போட்டிருந்ததால் எதுவும் தெரியவில்லை.

"லைட்ட நிறுத்திட்டு ஒரு துண்டு வெட்டச் சொல்லு தண்டபாணி" என்றேன்.

"என்னங்ணா நீங்க. லைட்ட நிறுத்திட்டு வெட்டச் சொல்லி, பையன் வெரல வெட்டிக்கிட்டா அதுக்கும் நாந்தான் அலையணும்."

"இதுல வெளிச்சம் வரும். உனக்குத் தெரியும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்ணா. உங்க வயசுக்கு மரியாதை குடுத்து நிக்கறேன். மோகன் சிகரெட் குடிப்பான்னு இந்தச் சந்துல டீக்கடைக்காரனுக்குக்கூடத் தெரியும்."

"என் மகனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு, கழிவுப் பெட்டியிலிருந்து டைட்டானியம் துண்டு கேட்டதும் பை நிறைய அள்ளிக் கொடுத்தான். என்னை அனுப்பிவிட்டால் போதும் என்று இருந்திருக்கும்.

ஜூன் 20, வெள்ளி

உலோகத்தை உடைத்து உறுதி சோதிக்கிற லேப் ஒன்று ஆவாரம்பாளையத்தில் இருக்கிறது. அங்கே மெஷின் பார்ப்பவர் பிலோமினா என்கிற அம்மா. விஷயத்தைச் சொன்னேன். முதலாளி திங்கள்கிழமை சென்னைக்குப் போகிறார், அன்று மத்தியானம் வாருங்கள் என்றார்.

தெய்வாத்தாள் துவைக்கும்போது மோகனுடைய பழைய சட்டைப் பையில் என்னவோ இருந்தது என்று சொல்ல வந்தாள். துண்டுகளை அளவாக அறுக்கக் கொடுக்க நான் அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

பார்த்தேன்.

லேபில் இருக்கிற அந்த மெஷினுக்கு மோட்டார் கிடையாது. கனத்த சுத்தியல் ஒன்றை மேலே தூக்கிப் பூட்டிவிட்டுக் கொக்கியை விடுவித்தால், ஊஞ்சல் போல வீசி இறங்கி, கீழே வைத்த துண்டை ஒரே அடியில் உடைத்துவிட்டுப் போகும். பிலோமினா ஷட்டரை இறக்கினார். இடுக்குகளில் நான் கொண்டுபோன கறுப்புத் துணியைச் செருகினேன். இரண்டு பேரும் இருட்டில் உட்கார்ந்திருந்தோம்.

"பேய்ப் படத்துக்கு டிக்கெட் எடுத்த மாதிரி இருக்குதுங்க ஐயா" என்றார்.

"பேசுனாலும் பரவாயில்ல, கண்ண மட்டும் மூடாதீங்க."

சுத்தியல் இறங்கியது. துண்டு உடைந்த இடத்தில் வெள்ளையாக, ஓரத்தில் கொஞ்சம் நீலமாக, ஒரு கீற்று. இருந்ததா என்று நினைப்பதற்குள் இல்லை. பிலோமினா, "ஏசப்பா" என்றார். இன்னொரு துண்டு வைத்தோம். மறுபடியும் வந்தது. சாதாரண இரும்பை வைத்தபோது ஒன்றும் தெரியவில்லை, அல்லது என் கண்ணுக்குத் தெரியவில்லை. டைட்டானியம் வைத்தபோதெல்லாம் தெரிந்தது.

"இத்தன வருஷமா ஒடைக்கறேன், ஒரு நாளும் லைட்ட நிறுத்திட்டு ஒடைச்சதில்லைங்களே" என்றார். எங்கே வேண்டுமானாலும் வந்து சாட்சி சொல்வதாகச் சொன்னார்.

வெளியே வந்து வெகுநேரம் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். என் பிள்ளை பொய் சொல்லவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

மறு விசாரணை ஜூலை ஏழாம் தேதி. மனு எழுதி முடித்துவிட்டேன். முதல் வரி: என் மகனுக்குப் புகைக்கும் பழக்கம் இல்லை. இரண்டாவது வரி: டைட்டானியம் உடையும்போது ஒளி வரும், அந்த ஒளியே தீக்குக் காரணம். மோகனுக்கு வாசித்துக் காட்டினேன். அவன் அம்மா சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். வாசித்து முடித்ததும் போதும் என்று வாயைத் திருப்பிக்கொண்டான். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. புளிக்குழம்பு அவனுக்கு எப்போதுமே பிடிக்காது.

ஜூன் 28, சனி

ஒளி வரும் என்பது மட்டும் போதாது, அது தீ மூட்டும் என்பதையும் காட்ட வேண்டும். தின்னர் வாங்கி வந்தேன். பின்பக்கக் குளியலறையில் துண்டை வைஸ் இடுக்கியில் இறுக்கிப் பிடித்து, பக்கத்தில் தின்னரில் நனைத்த பஞ்சை வைத்து, உளியால் ஒரே அடி. ஒரு வாளி மணலும் ஈரச் சாக்கும் அருகில் வைத்திருந்தேன். ஒளி வந்தது. பஞ்சு பற்றவில்லை. பஞ்சு பழையது, ஈரமாக இருந்திருக்கும்.

தின்னர் வாசனை வீட்டுக்குள் போய்விட்டது. மோகன் எழுந்து கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தான். கையை எங்கேயும் ஊன்ற முடியாமல் சுவரில் தலையை முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றான். தெய்வாத்தாள் அவன் முதுகைத் தடவிக்கொண்டே என்னிடம், "அவனுக்காகத்தான் பண்றீங்களா, உங்களுக்காகப் பண்றீங்களா?" என்றாள்.

தின்னர் டப்பாவை மூடி வைத்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

அவர்கள் இருவரும் கோயிலுக்குப் போனபோது மறுபடி செய்தேன். புதுப் பஞ்சு. பற்றவில்லை. காற்று இருந்தது.

ஜூலை 1, செவ்வாய்

பற்றவில்லை. அடியின் வேகம் போதாது. மெஷினின் வேகம் என் கைக்கு வருமா.

ஜூலை 2, புதன்

இறந்த ஆறுச்சாமியின் மனைவி கலாமணி எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். தூரத்துச் சொந்தம்தான். சாவுக்குப் பிறகு எங்களைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறாள். அவள் நம்பினால் பாதி ஜெயித்த மாதிரி. விசாரணையில் அவள் வாய்ச்சொல்லுக்கு மதிப்பு உண்டு. ரேஷன் கடை வரிசையில் அவளைப் பிடித்தேன்.

"அம்மிணி, ஒரு வெளிச்சம் காட்டறேன், வந்து பாரு."

"எனக்கு எதுக்குங்க மாமா அது?"

"உன் வீட்டுக்காரன் கடைசியாப் பாத்தது அதுதான்."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று பக்கத்தில் நின்றவர்கள் முகத்தில் தெரிந்தது. ஆனால் அவள் வருவதாகச் சொன்னாள்.

ஜூலை 4, வெள்ளி

பிலோமினா சாப்பாட்டு நேரத்தில் ஷட்டரை இறக்கினார். கலாமணி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சுத்தியல் விழுந்தது. கீற்று வந்தது.

"இன்னொருக்காக் காட்டுங்க" என்றாள்.

காட்டினோம். பிலோமினா ஷட்டரைப் பாதி தூக்கினார். கலாமணி உடைந்த துண்டைக் கையில் எடுத்தாள்.

"இந்த வெளிச்சம் சுடுமுங்களா மாமா?"

புது முகத்தைக் காற்று தொடுவதைப் பற்றி, வேகத்தைப் பற்றி நான் படித்ததையெல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அத்தை சொன்னாங்க, நீங்க பஞ்சு வெச்சுப் பாத்தீங்களாமா. பத்துச்சுங்களா?" என்றாள்.

"பஞ்சு சரியில்ல அம்மிணி. காத்து வேற."

"பத்தலைன்னு சொல்லுங்க மாமா. சொன்னா ஒண்ணும் ஆயிறாது."

பிலோமினா மேஜையைத் துடைக்கப் போய்விட்டார்.

கலாமணி சத்தம் போடவில்லை. துண்டைக் கையில் உருட்டிக்கொண்டே பேசினாள். "அவரு வேலைக்குப் போயிட்டு வந்தா சட்டையெல்லாம் தின்னர் நாத்தம். தொவைச்சாலும் போகாது. கால்கிட்டயே ட்ரேய வெச்சிருக்காங்க, பீஸ் நேரா அதுல விழுகோணுமாம், எடுத்துட்டுப் போய்க் கழுவுனா நேரம் ஆகுதாம்னு சொல்லிச் சிரிப்பாரு. நீங்களும் தண்டபாணி அண்ணனும் இப்ப என்னத்துக்கு அடிச்சுக்கறீங்க? அவரு சிகரெட்டுங்கறாரு. நீங்க வெளிச்சங்கறீங்க. ஒரு பொட்டுத் தீ எங்கிருந்தோ வந்துட்டுப் போகுது. காலடியில தின்னர் இல்லாம இருந்தா, எங்க வீட்டுக்காரரு சட்டையத் தட்டி விட்டுட்டு வீட்டுக்கு வந்திருப்பாரு. அத்தனை தின்னரத் தொறந்து அங்க வெச்சது யாருன்னு நீங்க ரெண்டு பேருமே கேக்க மாட்டேங்கறீங்க."

"அது எல்லாப் பட்டறையிலும் வழக்கம்" என்றேன்.

"ஆமாங்க. எல்லாப் பட்டறையிலும் ஆளுங்க இருக்காங்க."

துண்டை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பிலோமினா எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

ஜூலை 5, சனி

தண்ணீர் வரவில்லை. பக்கத்துத் தெருக் குழாயில் பிடித்து வந்தேன். மத்தியானம் கணபதிக்கு நடந்தே போனேன். தண்டபாணியின் சந்தில் ஒவ்வொரு பட்டறை வாசலிலும் நின்று பார்த்தேன். கத்திக்குக் கீழே ட்ரே. அதற்கு அடுத்ததிலும் ட்ரே. ஒரு பட்டறையில் ட்ரேக்குப் பக்கத்தில் ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது, மெஷினுக்குப் பூஜை போட்டிருந்தார்கள். சொன்னேன். "தினமும் கும்பிடறதுதானுங்களே" என்றார்கள்.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் மோகனுக்கு நான் முகம் சவரம் செய்துவிட்டேன். கைகள் ஆறும்வரை இது என் வேலை. பாதிக் கன்னத்தில் நுரை இருக்கும்போது கேட்டேன். இத்தனை நாளில் நான் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை, எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன் என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

"அன்னிக்கு என்ன நடந்துச்சுடா?"

அவன் கண்ணாடியில் என்னைப் பார்க்காமல் பேசினான்.

"சிகரெட் குடிச்சேனுங்கப்பா. வாசல்ல நின்னு. ஆறுச்சாமி கூப்பிட்டான். பாதியில கீழ போட்டுட்டு உள்ள வந்தேன். மிதிச்சனா இல்லியான்னு ஞாபகம் இல்லீங்க. மழைக்காத்து உள்ளுக்கு அடிச்சுக்கிட்டிருந்துச்சு. அவன் பெடல மிதிச்சான். வெட்டுன எடத்துல வெளிச்சம் வந்துச்சு, அது நெசம். அதுக்கப்புறம் எல்லாமே வெளிச்சந்தானுங்கப்பா. அவன் காலு ட்ரேக்குள்ள இருந்துச்சு. இழுத்தேன். முடியல."

"வெளிச்சத்துக்கு அப்புறந்தானே தீ?"

"தெரியலீங்கப்பா. எது முந்தீன்னு எனக்குத் தெரியல. நீங்க தெரியும்னு எழுதிட்டீங்க. வாசிச்சும் காட்டுனீங்க. நான் என்ன பண்றது?"

கத்தியைக் கழுவினேன். மீதிக் கன்னத்தையும் முடித்தேன். தெய்வாத்தாள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது புதிதல்ல என்பது அவள் நின்ற விதத்தில் தெரிந்தது.

"நேத்தே கலாமணிகிட்டச் சொல்லிட்டானுங்க" என்றாள். "அவ வந்திருந்தா, நீங்க கணபதிக்குப் போயிருந்தப்போ."

"என்ன சொன்னா?"

"இவனுக்கு ஒரு டம்ளர் மோர் குடுத்தா, வாயில வெச்சு. போயிட்டா."

இருட்டு விழுவதற்குள் மனுவின் முதல் வரியை அடித்துவிட்டேன். இரண்டாவது வரியில் பாதியை அடித்தேன். அடிக்காத பாதியை அடிக்க மாட்டேன். டைட்டானியம் உடையும்போது ஒளி வரும். நான் பார்த்தேன், பிலோமினா பார்த்தார், கலாமணி பார்த்தாள். சிரித்தவர்கள் வந்து பார்க்கட்டும்.

ஜூலை 7, திங்கள், காலை

பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது. செய்ய வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

தண்டபாணி: இன்றே ட்ரேயை மெஷினுக்கு அடியிலிருந்து எடுக்க வேண்டும். தின்னரை மூடி போட்ட டப்பாவில் வெளிச்சுவர் ஓரம் வைக்க வேண்டும். துண்டுகளை அங்கே கொண்டுபோய்க் கழுவ வேண்டும், எவ்வளவு நேரம் ஆனாலும். அந்த ஒரிசாப் பையனுக்கு அவன் பாஷையில் சொல்ல ஓர் ஆளை வைத்துச் சொல்ல வேண்டும். ட்ரேயை அங்கே வைக்கச் சொன்னது தான்தான் என்று விசாரணையில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ள மாட்டான். அப்போதும் கேட்க வேண்டும்.

ஆய்வாளர்: சந்தில் உள்ள மற்றப் பட்டறைகளுக்குள் போய்க் குனிந்து பார்க்க வேண்டும். அறிக்கையில் "தீ எதிலிருந்து வந்தது" என்ற கேள்விக்குக் கீழே "எது எரிந்தது, அது ஏன் அங்கே இருந்தது" என்ற கேள்வியையும் சேர்க்க வேண்டும். லேபுக்கு வந்து இருட்டில் உட்கார வேண்டும்.

பிலோமினா: பார்த்ததை மட்டும் சொன்னால் போதும். பஞ்சு பற்றவில்லை என்பதையும் நான் அவரிடம் சொல்லிவிட்டேன், கேட்டால் அதையும் சொல்ல வேண்டும்.

தெய்வாத்தாள்: மோகனுக்குச் சட்டை பொத்தான் போட்டுவிட வேண்டும். மாத்திரை மறக்கக் கூடாது. வழக்கு அவன் மேல் வந்தால் வக்கீல் பார்க்க வேண்டியது நான், அவள் நகையைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது.

கலாமணி: எதுவும் செய்ய வேண்டியதில்லை. வர விருப்பம் இருந்தால் வரட்டும். நான் போய்க் கூப்பிடக் கூடாது.

மோகன்: வாசலில் சிகரெட் குடித்ததைச் சொல்ல வேண்டும். அதை மிதித்து அணைத்தானா என்பது ஞாபகம் இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். வெளிச்சத்தைச் சொல்ல வேண்டும். ஆறுச்சாமியின் கால் ட்ரேக்குள் இருந்ததைச் சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும்.

நான்: அவன் பேசும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். அவன் முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது.